யானைக்கு வேலை சொன்ன உடும்பு

ஒரு காட்டில் ஒரு யானை இருந்தது என்றுதான் கதைகள் தொடங்கும். இந்தக் காட்டில் யானையே இல்லை, பிள்ளைகளே. மலைக்கு அந்தப் பக்கம் மரம் வெட்டும் கூப்பு ஒன்று இருந்தது. அதை மூடிவிட்டு மனிதர்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது, அங்கே கட்டை இழுத்துக்கொண்டிருந்த யானையை அவிழ்த்து விட்டார்கள். அது தன் போக்கில் நடந்து, மலையைத் தாண்டி, கோடைகாலத்துக் காலை ஒன்றில் இங்கே வந்து நின்றது.

அந்தக் கோடையை நினைத்தால் உடும்புக்கு இன்றைக்கும் நெஞ்சு நெகிழ்ந்துவிடும். அதன் பிறகு எத்தனையோ கோடைகள் வந்தன, போயின. அதைப் போல ஒன்று வரவே இல்லை.

யானை நல்ல யானை. தூக்கும், இழுக்கும், தோண்டும், அடுக்கும். எந்த விலங்கின் பேச்சும் அதற்குப் புரியும். யார் வேலை சொன்னாலும் முகம் சுளிக்காது. ஆனால் அதன் குணமே தனி. கூப்பில் கற்றதெல்லாம் நினைவிருக்கும். நேற்று நடந்தது நினைவிருக்காது. அதோடு, சொன்ன வேலையில் எதையும் திருப்பிக் கேட்காது. கூப்பில் கேள்வி கேட்ட யானைக்கு அங்குசம்தான் பதில். அதனால் சொன்னதைச் செய்யும். சொல்லாமல் விட்டதைத் தானாகவே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

முதலில் கரடி போய், "எனக்குத் தேன் வேண்டும்" என்றது. யானை தேனடை இருந்த மரத்தையே பிடுங்கி, தேனீக்களோடு கொண்டுவந்து கரடியின் குகை வாசலில் சாத்தியது. கரடி வீங்கிய மூக்கோடு அன்று முழுவதும் குளத்துத் தண்ணீருக்குள்ளேயே கிடந்தது.

மயில், "வெயில் தாங்கவில்லை, நிழல் கொடு" என்றது. யானை ஒரு மூங்கில் புதரைப் பெயர்த்து மயிலின் மேல் கவிழ்த்தது. நிழலுக்குக் குறைவில்லை. மயிலால் தோகையைத்தான் விரிக்க முடியவில்லை.

"மண்டையில் ஒன்றும் இல்லாத யானை!" என்றது காடு.

நரி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நரிக்கு எதற்கெடுத்தாலும் புகழ்ச்சிதான் மருந்து. "உங்களுக்குப் பேசத் தெரியவில்லை. 'மலையே, மன்னவனே, உன்னை விட்டால் எங்களுக்கு யார்?' என்று ஆரம்பித்துப் பாருங்கள். காரியம் தானாக நடக்கும்" என்றது. அப்படியே ஆரம்பித்து, "நண்டு பிடித்துக் கொடு" என்று முடித்தது. யானை பூரித்துப்போய், ஓடைக்கரையையே வாரிக்கொண்டு வந்து நரியின் தலையில் கொட்டியது. அந்தச் சேற்றில் நண்டு இருந்தது என்னவோ உண்மைதான். நரியின் காதைக் கேட்டால் தெரியும்.

இதையெல்லாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது உடும்பு. குளத்தங்கரைக்கு அதை யாரும் விடுவதில்லை. முட்டைத் திருடன் என்று பெயர். பெயர் பொய்யும் இல்லை. கரையோர மருத மரத்தின் நிழலில் வந்து உட்கார்ந்தால் பறவைகளெல்லாம் கூச்சலிட்டு விரட்டிவிடும். நாலு பேரோடு சேர்ந்து அந்த நிழலில் உட்கார வேண்டும் என்பதுதான் உடும்பின் ஒரே ஆசை. அதனிடம் இருந்த சொத்து அதன் பிடி. எதைப் பிடித்தாலும் விடாது. அந்தப் பிடியை வைத்துக்கொண்டு என்ன பிழைப்புப் பிழைப்பது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

ஒரு நாள் முள்ளம்பன்றி அலறிக்கொண்டு ஓடிவந்தது. மேட்டிலிருந்து உருண்ட பாறை ஒன்று அதன் வளை வாசலை அடைத்துவிட்டது. உள்ளே குட்டிகள்.

"யானையைக் கூப்பிடேன்" என்றது கரடி.

"யானையையா? பாறையோடு சேர்த்து என் வளையையும் நசுக்கிவிடும்!" என்று கத்தியது முள்ளம்பன்றி. அது முன்கோபக்காரி. அழுதால்கூடக் கோபமாகத்தான் அழும்.

உடும்பு மெல்ல அருகில் வந்தது. "அக்கா, குட்டிகள் உள்ளே எந்தப் பக்கம் படுத்திருக்கும்?"

"இங்கே உயிர் போகிறது, உனக்குக் கதை வேண்டியிருக்கிறதா?"

"எந்தப் பக்கம், அக்கா?"

"இடது பக்கம்! வேர் ஓடும் மூலையில்!"

"பாறையை எந்தப் பக்கம் தள்ளினால் மண் சரியாது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"வளை தோண்டியது நீதானே? மண் எங்கே இறுகியிருந்தது, எங்கே பொலபொலவென்று இருந்தது?"

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. வேறு யாராக இருந்தாலும் ஓட்டம் பிடித்திருப்பார்கள். உடும்பு விடவில்லை. கேட்டதையே இன்னொரு விதமாகக் கேட்டது. முள்ளம்பன்றியும் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தது. சொல்லச் சொல்லத்தான், தன் வளையைப் பற்றித் தனக்கு எவ்வளவு தெரியும் என்பது அதற்கே தெரிந்தது.

உடும்பு யானையிடம் போனது. உடனே பாறையைக் காட்டவில்லை. ஓடையோரம் சும்மா கிடந்த ஒரு கல்லைக் காட்டி, "இதை மெதுவாகத் தள்ளு பார்க்கலாம்" என்றது.

யானை மெதுவாகத்தான் தள்ளியது. கல் ஓடையைத் தாண்டி எதிர்க்கரையில் போய் விழுந்தது.

உடும்பு எதிர்க்கரையில் கிடந்த கல்லைப் பார்த்தது. பிறகு, "கூப்பில் நீ செய்த வேலைகளிலேயே ரொம்ப மென்மையான வேலை எது?" என்று கேட்டது.

அதுவரை யாரும் யானையிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. யானை கண்ணை மூடிக்கொண்டது. "எங்கள் பாகனுக்கு ஒரு பெண் குழந்தை. மரக்கிளையில் தூளி கட்டித் தூங்கப் போடுவார்கள். தூளியை நான்தான் ஆட்டுவேன்" என்றது. சொல்லும்போதே அதன் தும்பிக்கை காற்றில் மெல்ல ஆடியது.

"அந்தத் தூளியை ஆட்டுவாயே, அவ்வளவு விசை போதும்" என்றது உடும்பு. "அதோ அந்தப் பாறையை வலது பக்கமாக நகர்த்து. இடது பக்கம் கால் வைக்காதே, மண்ணுக்கு அடியில் குட்டிகள் இருக்கின்றன. நான் நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்ததும் நிறுத்திவிடு. நடுவில் எதுவாவது புரியாவிட்டால் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நில். யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள்."

கடைசியில் சொன்னதைக் கேட்டு யானை உடும்பை உற்றுப் பார்த்தது. அப்படி ஓர் அனுமதியை யாரும் அதற்குக் கொடுத்ததே கிடையாது.

பாறை நகர்ந்தது. பாதியில் யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பாறைக்கு அடியில் தடியான வேர் ஒன்று மாட்டியிருந்தது. "இதை அறுக்கலாமா, அக்கா?" என்று உடும்பு கேட்க, "ஐயோ, என் வீட்டுக் கூரையே அதுதான்!" என்றது முள்ளம்பன்றி. வேரைத் தொடாமல் சுற்றித் தள்ளச் சொன்னது உடும்பு. சந்து தெரிந்தது. யானை நிறுத்தியது. குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, தும்மிக்கொண்டு வெளியே வந்தன. "இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்தீர்கள்?" என்று முள்ளம்பன்றி அவற்றைத் திட்டோ திட்டென்று திட்டியது.

இப்படித்தான் உடும்புக்கு வேலை கிடைத்தது. பறவைகளும், "சரி, கூட்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்காதே" என்று மருத மர நிழலில் இடம் விட்டன.

ஆகா, அதெல்லாம் ஒரு காலம், பிள்ளைகளே! தினமும் காலையில் யானை, "நீ யார்?" என்று கேட்கும். "நான் உடும்பு. வேலை சொல்ல வந்திருக்கிறேன்" என்று உடும்பு சொல்லும். "அப்படியா, ரொம்ப மகிழ்ச்சி" என்று யானை உண்மையாகவே மகிழும். அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏதாவது தப்புச் செய்யும். அணில், பழங்களை அடுக்கித் தரக் கேட்டது. யானை கூப்பில் கட்டை அடுக்கும் பழக்கத்தில் பெரியதைக் கீழேயும் சிறியதை மேலேயும் வைத்தது. அணிலுக்கோ, பழுத்தது மேலே இருக்க வேண்டும். உடும்பு தலையில் அடித்துக்கொண்டு, அத்தனையையும் கலைத்துப் போட்டு, பழுத்தது ஒன்றையும் காய் ஒன்றையும் யானையின் முன்னால் வைத்துக் காட்டி, மறுபடி சொன்னது. எதுவும் தெரியாத காலம் அது. தெரியாததால் உடும்பு எல்லாரிடமும் கேட்டது. சாயங்காலம் மரத்தடியில் வயிறு குலுங்கச் சிரிப்புத்தான். அணில் கொடுத்த நாவல் பழம் அப்போது இனித்த மாதிரி அப்புறம் என்றும் இனிக்கவில்லை.

பிறகு உடும்புக்குப் பெயர் வந்தது. பெயர் வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் நரி வராமல் இருக்குமா?

"உடும்பாரே, உம்மைப் போல உண்டா! வருகிறவன் வாயைத் திறப்பதற்குள் அவன் மனத்தில் இருப்பது உமக்குத் தெரிந்துவிடுகிறதே! அப்புறம் எதற்கு ஆளுக்கு ஆள் இத்தனை கேள்வி? வரிசை எப்போது நகரும்?" என்றது நரி.

உடும்பு வெட்கத்தோடு வாலை ஆட்டியது. புகழ்ச்சி யானையிடம் பலிக்கவில்லை. உடும்பிடம் நன்றாகப் பலித்தது.

கேள்விகள் குறைந்தன. உடும்பு நிழலை விட்டுக் குளத்துப் பாறையின் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. யார் எதற்கு வந்தாலும் யானைக்குச் சொல்ல ஒரே பாட்டு வைத்திருந்தது. "தூளி ஆட்டுவது போல மெல்லச் செய். சொன்ன அளவு வந்ததும் நிறுத்து. சீக்கிரம் முடி." புரியாவிட்டால் தும்பிக்கையைத் தூக்கு என்பதை விட்டுவிட்டது. யானை நின்று நின்று வேலை செய்தால் நேரமாகிறது அல்லவா?

பெரும்பாலும் வேலை நடக்கத்தான் செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று. ஆனாலும் சில நாள் மாலையில், பாறை உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, கீழே மரத்தடியில் சிரிப்புச் சத்தம் கேட்கும். உடும்புக்கு என்னவோ போல இருக்கும். அந்த முதல் கோடை ஞாபகம் வரும். ஏன் என்று அதற்குப் புரியாது.

ஒரு வருடம் மழை பொய்த்தது. ஓடை வறண்டது. குளம் மட்டும்தான் மிச்சம். அதிலும் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. மழை வரும் வரை அந்தத் தண்ணீர் தாங்காவிட்டால் காட்டை விட்டே போக வேண்டியதுதான்.

அன்று காலை வரிசையில் முதலில் நின்றது குளத்து ஆமை. ஆமை நடப்பது போலத்தான் பேசும்.

"உடும்பு... குளத்தில்... தண்ணீர்..."

"குறைகிறது. தெரியும்."

"அதற்கு... குளத்தின்... மேற்குக்..."

"குளத்தை ஆழப்படுத்த வேண்டும். அவ்வளவுதானே? நீ போய் ஓரமாக இரு, அண்ணே. இன்றைக்கே முடித்துவிடலாம்" என்றது உடும்பு.

"இல்லை... நான்..." என்று ஆமை தொடங்குவதற்குள் நரி, "அடுத்தவர் வரலாம்!" என்று குரல் கொடுத்துவிட்டது.

உடும்பு யானையை அழைத்தது. "குளத்தின் நடுவில் தோண்டு. தண்ணீர் பொங்கும் வரை தோண்டு. தூளி ஆட்டுவது போல மெல்லச் செய். சீக்கிரம் முடி."

யானை தோண்டியது. சேறு போயிற்று. அதன் கீழே வழவழவென்று களிமண் வந்தது. யானை ஒரு கணம் தயங்கி உடும்பைப் பார்த்தது. தும்பிக்கையைத் தூக்கலாம் என்று அன்று அதற்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் பொங்கவில்லையே, இன்னும் தோண்ட வேண்டும் போலிருக்கிறது என்று தானாக இட்டு நிரப்பிக்கொண்டு, களிமண்ணை வெட்டிக் கரையில் எறிந்தது.

அதன் கீழே வெறும் மணல்.

'களக்' என்று ஒரு சத்தம். குளத்துத் தண்ணீர் சுழன்றுகொண்டு அந்தக் குழிக்குள் இறங்கத் தொடங்கியது.

"நிறுத்து!" என்றது கரடி. "மூடு!" என்றது மயில். "தண்ணீரைப் பிடி!" என்றது அணில். யானை எல்லாருக்கும் கீழ்ப்படிந்தது. நின்றது, மணலை வாரிப் போட்டது, தும்பிக்கையில் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. மணல் கரைந்து ஓடியது. குழி பெரிதாயிற்று.

உடும்பு பாறை உச்சியில் வாயைத் திறந்தபடி நின்றது. அதன் பாட்டில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை.

"உடும்பாரே, ஓடிவிடும்! அடித்துப் போட்டுவிடுவார்கள்!" என்று சொல்லிக்கொண்டே நரி முதலில் ஓடியது.

உடும்புக்கும் ஓடத் தோன்றியது. அப்போது சேற்றில் கழுத்தை நீட்டிக்கொண்டு ஏதோ சொல்ல முயன்ற ஆமை அதன் கண்ணில் பட்டது. குளத்தின் அடிப்பக்கம் வேறு யாருக்குத் தெரியும்? உடும்பு பாறையிலிருந்து சேற்றுக்குள் குதித்தது. ஆமையின் ஓட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"அண்ணே, எப்படி அடைப்பது? சொல்லு."

"மணல்... நிற்காது..."

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் உடும்பு குறுக்கே பேசவில்லை.

"கரையில்... எறிந்திருக்கிறதே... களிமண்..."

"ஏய், எவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருப்பாய்?" என்று கரடி உறுமியது. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நடுவில் வந்து நின்றது. "எல்லாரும் வாயை மூடுங்கள்! அண்ணன் பேசட்டும்!" என்றது. கூச்சல் அடங்கியது.

"அதை மட்டும்... கல் கலக்காமல்... போட்டு... ஓரத்திலிருந்து நடுவுக்கு... மிதிக்கச் சொல்."

உடும்பு யானையைப் பார்த்தது. "தும்பிக்கையில் இருக்கும் தண்ணீரைக் குளத்திலேயே விட்டுவிடு. கரையில் நீ எறிந்த களிமண்ணை மட்டும் எடு. மணலும் கல்லும் வேண்டாம். குழியில் போட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு வா. கூப்பில் வண்டிப்பாதை மிதித்து இறுக்கியிருப்பாயே, அந்த மாதிரி மிதி. புரியாவிட்டால் தும்பிக்கையைத் தூக்கு. நான் இங்கேயேதான் நிற்பேன்."

யானை மிதித்தது. சுழல் சுருங்கிச் சுருங்கி நின்றது. குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் மிஞ்சியது.

யாரும் உடும்பைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்கள். கால்வாசித் தண்ணீர் மழை வரை தாங்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

உடும்பு, சேறு காய்ந்த உடம்போடு ஆமையின் எதிரில் போய் உட்கார்ந்தது. "அண்ணே, காலையில் நீ சொல்ல வந்ததை நான் பாதியில் வெட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். முழுவதும் சொல்லு. எவ்வளவு நேரமானாலும் சரி."

ஆமை சொன்னது. வெயில் சாயச் சாயச் சொன்னது. உடும்பு இடத்தை விட்டு அசையவில்லை.

குளத்தின் மேற்குக் கரையில், நாணல் புதருக்கு அடியில், ஓர் ஊற்று உண்டு. ஆமை குஞ்சாக இருந்தபோது அதன் குளிர்ச்சியில்தான் படுத்துக் கிடக்குமாம். போன மழையில் சருகும் மண்ணும் விழுந்து அதன் வாய் அடைத்துக்கொண்டது. அதைத் திறந்துவிட்டால் போதும். குளத்தைத் தோண்டவே வேண்டியதில்லை.

உடும்பு நாணல் புதரைத் திரும்பிப் பார்த்தது. "காலையில் முதல் வேலையாக யானையிடம் சொல்கிறேன், அண்ணே. எவ்வளவு ஆழம்? எந்தப் பக்கத்திலிருந்து தோண்டினால் நல்லது?"

ஆமை மெதுவாகத் தலையை ஆட்டியது.

"யானை... எதற்கு? அது கால் வைத்தால்... ஊற்றுக்கண்... மூடிப்போகும். ஒரு பிடி... மண்தான். நான் காலையில்... யானையைத் தேடி... வரவில்லை. உன்னைத் தேடித்தான்... வந்தேன். உனக்குத்தான்... நல்ல நகம்... இருக்கிறதே."

உடும்பு எழுந்து நாணல் புதருக்குப் போனது. சருகை விலக்கியது. தன் நகத்தாலேயே தோண்டியது. முதலில் காய்ந்த மண் வந்தது, பிறகு ஈர மண் வந்தது. கடைசியாக ஒரு கூழாங்கல்லைப் புரட்டியபோது குளிர்ந்த தண்ணீர் கசிந்து அதன் விரல்களை நனைத்தது. உடும்பு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதது.

நீதி: முழுதாகக் கேட்கத் தெரிந்தவனுக்கே சரியாக வேலை சொல்லத் தெரியும்.